ஏழாம் கட்டில் முணுமுணுப்பு

1

மனித குலம் தன்னை அறியத் தொடங்கியது நெருப்பை மூட்டிய அன்றல்ல, சக்கரத்தை உருட்டிய அன்றுமல்ல. ஒரு மனிதன் இன்னொரு மனிதனின் மார்பில் காதை வைத்து, உள்ளே யாரோ விடாமல் கதவைத் தட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டானே, அன்றுதான்.

இந்த மகத்தான வாக்கியம் எனக்குத் தோன்றியபோது நான் இடுப்புக்கு மேலே துணியில்லாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன். அதற்கு அடுத்ததாகத் தோன்றியது, மார்பில் ஒட்டியிருக்கும் பட்டைகளைப் பிய்க்கும்போது எத்தனை முடி கூடவே வரும் என்பது. பதினான்கு வந்தது. எண்ணிப் பார்க்கும் அளவுக்கு ஓய்வு இருந்தது.

ஆக, இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கற்பனையிலிருந்து வரவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போன என்னை, மாரடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகும், "எதுக்கும் ரெண்டு நாள் பாத்துடுவோம்" என்று இதயநோய் வார்டின் ஏழாம் கட்டிலில் போட்டார்கள். அந்த இரண்டு நாளில் கண்டதுதான் இது.

ஆனால் கதை என்னைப் பற்றியது அல்ல. என்னைப் பற்றி எழுதினால் படிக்க என் மனைவிகூடத் தயாரில்லை. இது ஒரு பெண் டாக்டரைப் பற்றியது. இதயநோய் மேற்படிப்பில் இரண்டாம் வருஷம். வார்டு நர்சுகள் அவளுக்கு வைத்த பெயர் டொக் டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை யார் மார்பில் வைப்பதற்கு முன்னும் அதன் தட்டில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பாள். டொக், டொக். சத்தம் காதுக்கு வருகிறதா என்று உறுதி செய்துகொண்டுதான் அடுத்த வேலை.

2

முதல் தொடக்கம்: 'விடியலின் பொன்னொளி வார்டின் ஜன்னல் வழியே வழிந்து, வெண்ணிற விரிப்புகளின் மீது —'

[ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்தான் இருந்தது. அதன் மீது பொன்னொளி வழிந்ததை நான் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: 'அவளுடைய விழிகளில் ஆயிரம் இதயங்களின் சோகம் —'

[இதை அவளிடமே படித்துக் காட்டினேன். மறு பரிசோதனைக்குப் போனபோது கைப்பிரதியையும் எடுத்துப் போயிருந்தேன். அவள் சிரித்த சிரிப்பில், இதயத்தை ஸ்கேன் எடுக்கும் எக்கோ அறைக்குள்ளிருந்து டெக்னீஷியன் எட்டிப் பார்த்தார். "சார், அது சோகம் இல்ல. தூக்கம்."]

எழுத அனுமதி கொடுத்தாள். ஆனால் ஒரு நிபந்தனை. கைப்பிரதியை அவள் படிப்பாள். தப்பாக இருந்தால் ஓரத்தில் எழுதுவாள். அதை நான் அழிக்கக் கூடாது. ஒப்புக்கொண்டேன். ஆகவே இனி நட்சத்திரம் போட்டு வருவதெல்லாம் அவள் கைவண்டி.

* முதல் திருத்தம்: அவள், அவள்னு எழுதறது பரவாயில்ல, கதைக்கு அதுதான் வரும்னா எழுதிக்குங்க. ஆனா அது கைவண்டி இல்ல, கைவண்ணம்.

(பார்த்தீர்களா. எழுத்தாளன் நான். அச்சுக்குப் போகும் முன் திருத்தியிருக்கலாம். நிபந்தனைப்படி இரண்டையும் விட்டுவைத்திருக்கிறேன்.)

3

வாசகர் கொஞ்சம் பாடம் கேட்டுத்தான் ஆகவேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

இதய டாக்டர் ஆவது என்பது ராட்டினத்தில் ஏறுவது மாதிரி. ஏற்கெனவே டாக்டரான ஒருவர், ஏற்கெனவே ஒரு மேற்படிப்பு முடித்த ஒருவர், தலையில் நரை எட்டிப் பார்க்கும் வயதில் மறுபடி மாணவராகி, சில மாதம் எக்கோ அறை, சில மாதம் வெளிநோயாளிப் பிரிவு, சில மாதம் பேஸ்மேக்கர், ஆறு மாதம் வார்டு என்று சுற்றி வருகிறார். இதற்குச் சுழற்சிப் பயிற்சி என்று பெயர். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பதிவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினால்தான் ராட்டினம் அடுத்த பெட்டிக்கு நகரும். கையெழுத்து விழவில்லையென்றால் அதே பெட்டியில் இன்னொரு சுற்று.

ராட்டினத்தின் உச்சிப் பெட்டி, கேத் லேப். மணிக்கட்டில் ஊசி போட்டு, முடி மாதிரி ஒரு வயரை ரத்தக் குழாய்க்குள் விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே இதயம் வரை போகும் இடம். எல்லோருக்கும் கண் அங்கேதான். அவள் இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். நான் ஏழாம் கட்டிலில் கிடந்த இரண்டாம் நாள், அவளுடைய வார்டுச் சுற்றின் கடைசி நாள். புத்தகத்தில் அறுபது வரிகள். ஐம்பத்தொன்பதில் கையெழுத்து விழுந்துவிட்டது. அறுபதாவது, 'இதய ஒலிகளைத் தாமே கேட்டு முடிவு சொல்லத் தகுதி பெற்றவர்.' அதில் சீஃப் மட்டும்தான் கையெழுத்துப் போடலாம். மறுநாள் காலை எட்டு மணிக்குள் விழாவிட்டால் கேத் லேப் இடம் அவளோடு படிக்கும் இன்னொருவனுக்கு. அவள் இன்னும் ஆறு மாதம் வார்டில்.

அந்த இன்னொருவனுக்கு நர்சுகள் வைத்த பெயர் மைக். ரகசியம் பேசினாலும் பத்துக் கட்டிலுக்குக் கேட்கும்.

அன்று காலை அவளுடைய தம்பி போனில் செய்தி அனுப்பியிருந்தான்: 'அக்கா, நாளைக்கு வயரா, வார்டா?' அவள் பதில் போடவில்லை.

* போட்டேன். 'வாயை மூடுடா'ன்னு.

4

இப்போது சீஃப்.

இவரை எப்படி எழுதுவது என்பதில் மூன்று பக்கம் வீணாகிவிட்டது. முதல் பிரதியில் வில்லனாக எழுதினேன். மீசை வைத்தேன். எடுத்தேன். இரண்டாம் பிரதியில் கோமாளியாக்கினேன். அப்படியும் உட்காரவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்குக் காது அபாரம். மற்றவர்கள் மெஷினை வைத்துக் கண்டுபிடிப்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டே சொல்லிவிடுவார். சிக்கல் என்னவென்றால் இது அவருக்கும் தெரியும்.

அவர் வார்டுக்குள் வருவதைச் சுற்று என்று சொல்வது தவறு. உலா. முன்னால் சிஸ்டர், பின்னால் ஃபைல் வண்டி, அதற்குப் பின்னால் சீனியாரிட்டி வரிசையில் டாக்டர்கள். ஆமோதிப்பும் அதே வரிசையில்தான் வரும். அவருடைய ஸ்டெதஸ்கோப் ஏதோ வெளிநாட்டு மாநாட்டில் பரிசாகக் கொடுத்தது. அவர் பெயர் பொறித்தது. தான் கேட்டதை மற்றவர்களும் அதே ஸ்டெதஸ்கோப்பில் கேட்கவேண்டும் என்பது அந்த வார்டின் சம்பிரதாயம். பக்தியோடு வாங்கி, பக்தியோடு கேட்டு, பக்தியோடு திருப்பிக் கொடுக்கவேண்டும். எழுதாத விதி ஒன்று உண்டு: அந்தத் தட்டில் நகத்தால் தட்டிப் பார்க்கக் கூடாது. தட்டினால் சீஃபின் கருவியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

இன்னும் ஒரே ஒரு விவரம். அந்த வகை ஸ்டெதஸ்கோப்பின் தலைக்கு இரண்டு முகம். ஒரு பக்கம் அகன்ற தட்டு, மறுபக்கம் சின்னக் கிண்ணம். தலையைத் திருகினால் ஒன்று திறக்கும், மற்றது மூடிக்கொள்ளும். மூடிய பக்கத்தை மார்பில் வைத்தால் சுவரில் காதை வைத்த மாதிரிதான்.

சீஃபுக்கு, பேசும்போது கையிலிருப்பதைத் திருகும் பழக்கம். பேனாவாக இருந்தால் பேனா. பாட்டில் மூடியாக இருந்தால் மூடி.

5

இனி 'நான்' கொஞ்சம் ஒதுங்கிக்கொள்கிறேன். ஏழாம் கட்டிலில் ஒரு நோயாளி இருக்கிறார், அவ்வளவுதான். (முந்தைய பிரதியில் அவருக்கு நாற்பது வயது, அகன்ற மார்பு.)

* அகன்ற மார்பா? சார், நீங்க படுத்திருந்த கட்டில்லயே இன்னொருத்தர் படுக்கலாம்.

உலா ஏழாம் கட்டிலுக்கு வந்தது. சீஃப் நோயாளியின் இடப் பக்க மார்பில் தட்டை வைத்தார், கண்ணை மூடினார், வார்டே மூச்சைப் பிடித்துக்கொண்டது. மூச்சைப் பிடிக்கச் சொன்னது நோயாளியை மட்டும்தான்.

"இருக்கு," என்றார் கண்ணைத் திறந்து. "முணுமுணுப்பு. மெல்லிசா ஊதற மாதிரி. வால்வு லேசா கசியுது. இதை எந்த மெஷினும் எனக்குச் சொல்லல. காது சொல்லுது. காதுங்கறது என்ன? காதுங்கறது..."

காது என்பது என்ன என்று ஐந்து நிமிடம் சொன்னார். சொல்லும்போது கை சும்மா இருக்கவில்லை. டொக் டாக்டர் வரிசையின் கடைசியில், மைக்கின் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அங்கிருந்து சீஃபின் கை தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டாள். அவள் மனசு முழுக்கக் கோட்டுப் பையிலிருந்த பதிவுப் புத்தகத்தில் இருந்தது.

"கேளுங்க, ஒவ்வொருத்தரா."

முதலில் உதவிப் பேராசிரியர். காதில் மாட்டினார், வைத்தார், மூன்று விநாடி. "தெளிவா இருக்கு சார்." அடுத்து ஒரு சீனியர். "அக்குள் வரைக்கும் பரவுது சார்." அடுத்து மைக். மைக் கண்ணையே மூடிவிட்டான். "அழகான முணுமுணுப்பு சார்!" பத்தாம் கட்டில் பாட்டையா தூக்கத்திலிருந்து எழுந்து "என்னது?" என்றார்.

பிறகு அவள்.

காதில் மாட்டிக்கொண்டாள். வலக்கை விரல் தானாகத் தட்டுக்குப் போனது. நகம் நீண்டது. உதவிப் பேராசிரியர் தொண்டையைச் செருமினார். நகம் மடங்கியது. தட்டாமலேயே வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

ஊதல் இல்லை என்றால் சரி, இவளுக்குக் காது பழகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் லப் இல்லை. டப் இல்லை. இதயமே இல்லை. இப்படி ஓர் அமைதியை அவள் இதற்கு முன் இரண்டே இடத்தில்தான் கேட்டிருந்தாள். ஒன்று, செத்துப்போனவர்களின் மார்பில். இன்னொன்று, திருகிய ஸ்டெதஸ்கோப்பில். நோயாளியோ, "சிஸ்டர், சாப்பாடு எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் நெஞ்சில் ஆயிரம் போராட்டங்கள் —

* எதுவும் இல்ல. கால் வலிச்சுது. அப்புறம் ஒண்ணு தோணுச்சு: இப்ப 'ஆமா'ன்னா நாளைக்கு கேத் லேப். 'கேக்கல'ன்னா ஆறு மாசம் வார்டு. ஆனா அறுபதாவது வரில எழுதியிருக்கறது 'தாமே கேட்டு'. கேக்காமயே அதுக்குக் கையெழுத்து வாங்கினா, அப்புறம் யாரு மார்ல வெச்சாலும் எனக்கு சந்தேகமாத்தான் இருக்கும். அவ்ளோதான் சார். போராட்டம்லாம் வேணாம்.

"கேட்டுதாம்மா?" என்றார் சீஃப்.

"இல்ல சார்."

"என்ன இல்ல?"

"எதுவுமே கேக்கல சார்."

சிஸ்டர் ஃபைல் வண்டியின் சக்கரத்தை மிக அக்கறையாகப் பார்த்தார்.

சீஃப் ஸ்டெதஸ்கோப்பை வாங்கிக்கொண்டார். "இத்தனை பேருக்குக் கேட்டது உனக்கு மட்டும் கேக்கல. ஆறு மாசமா என்னம்மா பண்ணின?" என்றார். அவள் நீட்டிய பதிவுப் புத்தகத்தை மூடியபடியே திருப்பிக் கொடுத்துவிட்டு, எட்டாம் கட்டிலுக்கு நகர்ந்தார்.

6

முடிவுகள்.

(அ) அவள் தலை நிமிர்ந்து, "சார், திருகியிருக்கு!" என்கிறாள். வார்டு முழுக்கக் கைதட்டல். நோயாளிகள் எழுந்து நிற்கிறார்கள். [பாதிப் பேர் எழுந்து நிற்கக் கூடாது என்று சீட்டில் எழுதியிருக்கிறது. வேண்டாம்.]

(ஆ) அவள் ராஜினாமாக் கடிதத்தை —

* சார், நான் படிச்ச வருஷம் எத்தனைன்னு தெரியுமா? ராஜினாமாவாம்.

(இ) நடந்தது.

எட்டாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். சீஃப் அவர் மார்பில் தட்டை வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். இடத்தை மாற்றி வைத்தார். டிரைவரின் முகத்தை, உயிர் இருக்கிறதா என்பது போல, ஒரு தரம் உற்றுப் பார்த்தார். டிரைவர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். பிறகு சீஃபின் கட்டைவிரல் மெதுவாக, யாருக்கும் தெரியாமல், ஸ்டெதஸ்கோப்பின் தலையைத் திருகியது. சின்னதாக ஒரு 'கிளிக்'.

அந்த 'கிளிக்' எல்லோருக்கும் கேட்டது. இதைக் கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. உதவிப் பேராசிரியர் கூரையை ஆராய்ந்தார். அக்குள் வரை பரவியதாகச் சொன்ன சீனியர் தன் ஷூ நாடாவைக் கட்டினார். அவர் போட்டிருந்தது செருப்பு. மைக், வாழ்க்கையில் முதல் தடவையாக, சத்தமில்லாமல் நின்றான்.

மறுநாள் காலை ஏழு ஐம்பதுக்குச் சீஃப் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "நேத்து கையெழுத்து போட மறந்துட்டேன்," என்றார். நேற்றைய தேதி போட்டார். அவ்வளவுதான். மன்னிப்பு கேட்கவில்லை, காரணம் சொல்லவில்லை. அவள் கதவு வரை போனதும், "அம்மா," என்றார். "எப்பவும் தட்டிப் பாத்துட்டு வை." என்னவோ அவள்தான் அதை மறந்துவிட்ட மாதிரி.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று எக்கோ எடுத்ததில் எனக்கு, அதாவது ஏழாம் கட்டில் நோயாளிக்கு, வால்வு லேசாகக் கசிவது உண்மை என்று தெரிந்தது. பயமில்லை, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். சீஃப் சரியாகத்தான் கேட்டிருந்தார். கேட்காமல் 'கேட்டது' என்ற மூன்று பேரும் சரியான விடையைத்தான் சொல்லியிருந்தார்கள். மூடிய தட்டில் ஒருவருக்கும் கேட்காததைக் கேட்கவில்லை என்று சொன்னவள்தான் தப்பான விடை சொன்னவள். இதிலிருந்து ஒரு நீதியைப் பிழிந்தெடுக்க நான்கு நாள் முயன்றேன். வரவில்லை. உங்களுக்கு வந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் அவள் எக்கோ அறைக்கு எதிரே, கேத் லேப் வாசலில் நின்று படித்தாள். எக்ஸ்ரே படாமலிருக்கப் போடும் ஈயக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அதன் எடையில் தோள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகம் தீபாவளி மாதிரி —

* பண்டிகையெல்லாம் இழுக்காதீங்க. வேர்த்து ஊத்துச்சு. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு.

கதை முடிந்தது. நன்றி.

7

* முடியல.

* சார், அஞ்சாவது பகுதில நான் 'எதுவுமே கேக்கல'ன்னு சொன்னதுக்கும், சீஃப் எட்டாம் கட்டிலுக்குப் போனதுக்கும் நடுவுல ஒரு நிமிஷத்தைக் காணோம்.

அது கதைக்குத் தேவையில்லை என்று விட்டுவிட்டேன். வேகம் குறையும். எழுத்தில் எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் —

* விடாதீங்க.

என் மனைவியும் கைப்பிரதியைப் படித்துவிட்டு இதையேதான் கேட்டாள். உலா வந்த அன்று என் கட்டிலுக்கு அருகில் அவளும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "என்னங்க, முக்கியமான இடத்துல ஒரு தாளைக் காணோமே. எலி தின்னுடுச்சா?" என்றாள்.

சரி. அந்த ஒரு நிமிடம்.

டொக் டாக்டர் 'எதுவுமே கேக்கல சார்' என்றதும் சீஃப் உடனே நகரவில்லை. சுற்றிலும் பார்த்தார். "சரி, இவங்கல்லாம் டாக்டருங்க. எனக்காகச் சொல்றாங்கன்னு நீ நினைக்கலாம். படிக்காத காது ஒண்ணு இருக்கே," என்று என் பக்கம் திரும்பினார். ஸ்டெதஸ்கோப்பை என் காதில் அவரே மாட்டினார். மறு நுனியை, அதே மூடிய தட்டை, என் மார்பில் வைத்து அழுத்தினார். "நீங்களே சொல்லுங்க. உங்க நெஞ்சு. பயப்படாதீங்க."

தலையணைக்கு அடியில் தலையை விட்ட மாதிரி இருந்தது. நான் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை.

உதவிப் பேராசிரியர் என்னைப் பார்த்தார். மைக் என்னைப் பார்த்தான். சிஸ்டர் பார்த்தார். என் மனைவி பார்த்தாள். டொக் டாக்டர் என்னைப் பார்த்தாள். பதிவுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எனக்கு இழக்க எதுவும் இல்லை. எந்தப் பரீட்சையும் இல்லை, எந்தச் சீஃபும் இல்லை. மிஞ்சிப்போனால் சாப்பாடு பத்து நிமிடம் தாமதமாக வரும்.

இங்கேதான் முடிவை வாசகரிடம் விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அந்த நோயாளி என்ன சொல்லியிருப்பார்? உண்மையைச் சொல்லி ஒரு பெண்ணின் ஆறு மாதத்தைக் காப்பாற்றியிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம். 'எனக்குக் காது கொஞ்சம் மந்தம்' என்று தப்பித்திருக்கலாம். வாசகரே, மூன்றில் எது உங்களுக்குப் பிடிக்கிறதோ, அதை —

* அவங்க ஏன் சார் தேர்ந்தெடுக்கணும்? அவங்களா அங்க படுத்திருந்தாங்க? நீங்க சொன்னதை எழுதுங்க. எனக்குக் கோவம்லாம் இல்ல. எழுதுங்க.

"நல்லாக் கேக்குது சார்" என்று சொன்னேன்.